யோகேஸ்வரியின் கச்சான் பொட்டலம்

திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்குத் தொழிற்சாலைப் பேருந்து செமிலிங் சந்திப்பைத் தாண்டியதும் யோகேஸ்வரி எழுந்து நிற்பாள். ஒரு கை மேல்கம்பியைப் பிடித்திருக்கும்; மறு கை கதை சொல்லும். சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலை வாசல் வருவதற்குள், ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தை முடித்தாக வேண்டும். அந்தப் படத்துக்குப் போவதா வேண்டாமா என்று பேருந்திலிருக்கும் முப்பத்தெட்டுப் பெண்களில் பாதிப்பேர் அதற்குப் பிறகுதான் முடிவு செய்வார்கள்.

தீர்ப்பு அவள் கைப்பையில் இருக்கும். படம் பார்க்கப் போகும்போது ஒரு பொட்டலம் கச்சான் வாங்கிக்கொள்வாள்; வறுத்த கடலையும் பட்டாணியும் முறுக்குத் துண்டும் கலந்தது. படம் மோசமென்றால் பாதியிலேயே பொட்டலம் காலி. சுமாரென்றால் கொஞ்சம் மிஞ்சும். நல்ல படமென்றால் பிரிக்கவே மறந்துவிடுவாள்; மறுநாள் அது பேருந்தில் கைக்குக் கை போகும். நான்கு வருடத்தில் அப்படிப் போனது மூன்று முறைதான். "நீ நல்ல படமா பாத்தாத்தான் எங்க வயிறு நெறையும்லா" என்பாள் முன்வரிசை அழகம்மா.

நடிப்புக்கு அவளிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. அழுதால் மூக்கு ஒழுக வேண்டும். செத்தால் மூச்சு விடக் கூடாது. "மில்லியன் மில்லியனா செலவு பண்றாங்க, பொணத்துக்கு வயிறு ஏறி எறங்குது. அது செத்தவனா, தூங்குறவனா?" என்று எத்தனையோ பெரிய நடிகர்களை அவள் பாதி வழியிலேயே இறக்கிவிட்டிருக்கிறாள்.

போன திங்கட்கிழமை வந்த சங்கடம் வேறு. பேருந்தை ஓட்டும் குணாளன் அவள் கணவன்.

மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து ஊரான பீடோங்கின் பையன்கள் சேர்ந்து 'இடிமகன்' என்று ஒரு சூப்பர் ஹீரோ படம் எடுத்தார்கள். இடி விழுந்து சக்தி பெற்ற தோட்டத்துப் பையனின் கதை. அவனுடைய இறந்துபோன அப்பாவின் படம் மாலையோடு சுவரில் தொங்க வேண்டும். உயிரோடிருக்கும் எந்த நடிகனும் மாலைக்கு முகம் கொடுக்க இசையவில்லை. குணாளன்தான், "போட்டோதானே, சும்மா எடுத்துக்கலா" என்று ஓட்டுநர் உரிமத்துக்கு எடுத்ததைக் கொடுத்துவிட்டான். படம் ஓடிய வாரம் பாசார் சந்தையில் இரண்டு பேர் யோகேஸ்வரியிடம் துக்கம் விசாரித்தார்கள். "நான் பொட்டோட நிக்கிறேன், என்கிட்ட வந்து எப்ப நடந்துச்சுன்னு கேக்குறாங்க" என்றவள், ஒரு வாரம் அவனுக்குச் சோறு போட்டாளே தவிர பேசவில்லை.

இப்போது அதற்கு முன்கதை வந்திருக்கிறது. இடிமகன் இடிமகனாவதற்கு முந்தைய கதை. அப்பா உயிரோடு நடமாட வேண்டும். முகமோ ஏற்கெனவே சுவரில் தொங்கிவிட்டது. இயக்குநர் புவனேசன் வேறு வழியில்லாமல் பேருந்து வாசலில் வந்து நின்றான். "அண்ணே, போட்டோ நீங்க. ஆளும் நீங்களேதான் வரணும்." கோலாலம்பூரிலிருந்து பேர்பெற்ற நடிகர்களையெல்லாம் பிடித்து வந்து, 'நடிகர் பட்டாளமே பலம்' என்று சுவரொட்டியில் போட்டார்கள். ஏழாவது முகம் குணாளன்.

யோகேஸ்வரி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த திங்கட்கிழமை காலை, குணாளன் பேருந்தின் வானொலியை நிறுத்தினான். உள்கண்ணாடியைச் சற்றுத் திருப்பினான். அதில் இப்போது பின்னால் வரும் வண்டி தெரியாது, யோகேஸ்வரி தெரிவாள்.

"ஹீரோ மூஞ்சில ரெண்டே பாவம்" என்று ஆரம்பித்தாள். "ஹெல்மட் போட்டது, ஹெல்மட் கழட்டுனது. ஆனா ஓடுறான் பாரு, நாய் தொரத்துன மாதிரி. அது உண்மை."

"வில்லன்?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"பாலிங் ஊர்க்காரனாம். கத்தவே இல்ல. ரம்புத்தான் பழம் உரிச்சிக்கிட்டே மெதுவா பேசுறான். எனக்கு முதுகு சில்லுன்னுச்சு."

"அம்மாவா வர்ற ஷீலா?"

"மூக்கு ஒழுகுச்சு. பாஸ்."

பேருந்து மெதுவானது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

அழகம்மா ஓட்டுநரின் பிடரியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்பா வேசம் எப்படி?"

யோகேஸ்வரி கம்பியை மாற்றிப் பிடித்தாள். "மீன் வாங்குற எடத்துல நடிக்கவே இல்ல. வீட்டுக்கும் அதே மாதிரி கெட்ட மீனாத்தான் பாத்து வாங்கிட்டு வருவாரு."

"சாவுற எடம்?"

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். சட்டம் எல்லோருக்கும் தெரியும். மறைத்தால் இனி அவள் பேச்சை இந்தப் பேருந்து நம்பாது. சொன்னால் வீட்டில் எத்தனை நாளைக்குப் பேச்சு இருக்காதோ.

"இடி விழுந்து சாஞ்சாரு. தொப்பை ஏறி எறங்குச்சு. மூணு தடவ. நான் எண்ணுனேன்."

பேருந்து குலுங்கிச் சிரித்தது. "மூச்சு முட்டுச்சு, நான் என்ன செய்றது" என்று குணாளன் கண்ணாடியைப் பார்த்து முனகினான்.

"அப்ப பொட்டலம் காலி" என்றாள் அழகம்மா.

யோகேஸ்வரி கைப்பையைத் திறந்து பொட்டலத்தை வெளியே எடுத்தாள். அதன் வாயில் குத்தியிருந்த ஸ்டேப்ளர் பின் பிரிபடாமல் அப்படியே இருந்தது. உள்ளே ஒரு கடலைகூட முழுதாக இல்லை. திரையில் குணாளன் சாய்ந்தபோது அவள் இறுக்கிய பிடியில் எல்லாம் நசுங்கி மாவாகிக் கிடந்தன. அழகம்மா நீட்டிய கையைக் கடந்து, இருக்கை இருக்கையாகப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். பொட்டலத்தை ஸ்டீயரிங் பக்கத்தில் வைத்தாள். கண்ணாடியைப் பழையபடி சாலைக்குத் திருப்பிவிட்டாள்.