சின்ன ஆம்பிளிஃபயர் போதும்

வேனின் பின்பக்கம் ஐம்பத்திரண்டு கிலோ ஆம்பிளிஃபயர் பெட்டிக்குள் கிடந்தது. முன்சீட்டில் தங்கை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நீ குடுத்த சின்ன ஆம்பிளிஃபயர் இன்னிக்குத் திரும்பி வந்துச்சுன்னா, நாளையிலருந்து உனக்கு பில் கவுண்டர்தான்" என்று முதலாளி எல்லார் முன்னாலும் தங்கையிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த ஆடியோ கடையில் அவள் பில் போடத்தான் சேர்ந்தாள். ஐந்து வருஷம் போட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், பாட்டுக் கேட்டுப் பார்க்கும் அறையில் உட்கார்ந்து, ஒரே பாட்டை வேறு வேறு ஆம்பிளிஃபயரில் கேட்பாள். எது எந்த ஸ்பீக்கரோடு ஒத்துப்போகும் என்று அவள் சொன்னால் தப்பாது. ஆறு மாதம் முன்பு அந்த அறையையே அவள் பொறுப்பில் விட்டார்கள். அதே கடையின் வேன் ஓட்டும் அண்ணன், எட்டாவதோடு நின்றவன். தங்கைக்குக் கிடைத்த பொறுப்பைப் பெட்ரோல் பங்க்காரர் வரை பெருமையாகச் சொல்லித் தீர்த்துவிட்டான்.

அந்தச் சின்னதை வாங்கிய வாடிக்கையாளர் கப்பல் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாங்கிய ஸ்பீக்கர்களில் அடியில் இருந்து கனத்த ஒலி தரும் பெரிய வூஃபரை ஓட்ட உள்ளேயே தனி ஆம்பிளிஃபயர் உண்டு.

"பாரத்தை அது சுமந்துக்கும் சார். மேல இருக்கற சின்ன ஸ்பீக்கருங்களுக்கு மட்டும் நாம குடுத்தா போதும். அதுக்கு முரட்டு பலம் வேணாம், நிதானம்தான் வேணும்" என்று அன்று கடையில் அவரிடம் சொன்னாள் தங்கை.

பெரியதையும் சின்னதையும் மாற்றி மாற்றி மாட்டி, பாட்டு எதுவும் போடாமல் காதை வைக்கச் சொன்னாள். அது அவள் வழக்கம். பெரியதில் பூனை மூச்சு விடுவதுபோல் ஓர் இரைச்சல். சின்னதில் ஒன்றுமே இல்லை. படுக்கையில் இருக்கும் மனைவிக்காக மெதுவாகத்தான் வைப்பேன் என்று அவர் சொல்லியிருந்தார். மெதுவாக வைத்தால் அந்த இரைச்சல்தான் முதலில் காதில் விழும். சின்னதையே வாங்கிப்போனார்.

பத்தே நாளில் அவரிடமிருந்து போன். "தகர டப்பாவைத் தட்டற மாதிரி இருக்கு. பெரியதைக் கொண்டாங்க."

இன்று வீட்டுக் கதவைத் திறந்ததுமே பெரியவர் ஆரம்பித்துவிட்டார். "கப்பல் இன்ஜினையே கட்டி மேய்ச்சவன்மா நான். அன்னிக்கே எனக்குச் சந்தேகம்தான்."

"ஒரே ஒரு பாட்டு போடுங்க சார்."

பாட்டு ஓடியது. அதே அறையின் ஓரத்தில் கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தார். தங்கை ஸ்பீக்கரின் அடிப்பாகத்தில் உள்ளங்கையை வைத்தாள். அதிர்வே இல்லை. இன்னொன்றிலும் இல்லை. மண்டிபோட்டு வயரைப் பிடித்துக்கொண்டே திரைக்குப் பின்னால் போனாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் கரண்ட் கொடுக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில், மனைவியின் காற்றுப் படுக்கைக்கான பம்ப் சொருகியிருந்தது.

பம்பைத் தொடாமல் பிளக்கை வேறு சுவரில் இருந்த சாக்கெட்டில் சொருகினாள். பாடுகிறவரின் குரல் தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது.

பெரியவரின் முகம் தொங்கிப்போயிற்று. "இது... ஸ்பீக்கருக்குப் போறதா?"

"என் தப்பு சார். ஸ்பீக்கருக்கும் கரண்ட் வேணும்னு நான் அழுத்திச் சொல்லல."

அண்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடையில் அவள் மூன்று தரம் சொல்லியிருந்தாள். 'ஸ்பீக்கர் பிளக்கைக் கழற்றக் கூடாது' என்று டெலிவரி சீட்டில் அவனே கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தான். நகல் சட்டைப்பையில் இருந்தது. கை அங்கே போயிற்று. தங்கை ஒரு பார்வை பார்த்தாள். கை இறங்கிவிட்டது.

அவள் முதலாளிக்குப் போன் போட்டாள். "பொருள்ல குறையில்ல சார், நான்தான் சரியா சொல்லித் தரல." போனுக்குள்ளிருந்து 'பில் கவுண்டர்' என்று கத்தியது அறை முழுக்கக் கேட்டது.

கட்டிலில் இருந்த அம்மாள் தலையைத் திருப்பினார். "ஏங்க, பம்பைச் சொருக எதையோ பிடுங்கிப் போட்டது நீங்க. திட்டு வாங்கறது அந்தப் பொண்ணா? போனை வாங்குங்க."

பெரியவர் வாங்கினார். தொண்டையைச் செருமினார். "நான்தான் பிடுங்கினேன். அந்தப் பொண்ணு ஒழுங்காத்தான் சொல்லிச்சு. சின்னதே இருக்கட்டும். கவுண்டர்லல்லாம் உக்கார வெச்சு இவளை வீணாக்காதீங்க."

போன் அவளிடம் திரும்பி வந்தபோது முதலாளியின் குரல் இறங்கியிருந்தது. "நாளைக்குப் பத்து மணிக்கு இதே மாதிரி ஸ்பீக்கரோட ஒருத்தர் வராரு. நீயே பாத்துக்க."

"சரி சார்." அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

படியிறங்கும்போது அண்ணன் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "மூணு தரம் சொன்னியேடி. சீட்டுகூட இருந்துச்சே."

"அந்தம்மாவுக்கு அவர் இன்னும் கப்பல் இன்ஜினீயர்ண்ணா. அவங்க எதிர்ல அதை நாம ஏன் கெடுக்கணும்?"

"கெடுத்ததே அந்தம்மாதானே!"

தங்கை படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கும்வரை அண்ணன் பக்கத்தில் நின்றான்.