சித்திரைக்குப் பிறகு

கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் தாளின்படி முத்தையா கேதீஸ்வரன் ஒரு சுற்றுலாப் பயணி. நாடு நோர்வே. வருகையின் நோக்கம், ஓய்வும் இடங்களைப் பார்வையிடுதலும்.

முதலில் ஓய்வை எடுத்துக்கொள்வோம். பருத்தித்துறைக் கடற்கரை வீதியில் அவரளவுக்கு ஓய்வற்ற மனிதர் வேறு எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒஸ்லோவில் பேருந்து ஓட்டிப் பென்சன் வாங்கியவர். பேருந்தை விட்டு இறங்கிய பிறகும் அவருடைய வலது கால் எதையோ மிதித்துக்கொண்டேயிருந்தது. கதிரையில் இருந்தால் அது ஆடும். கதிரை ஆடினால் மேசையும் ஆடும், தேத்தண்ணி சிந்தும். அடுத்தது பார்வையிடுதல். அவர் பார்வையிட்ட இடங்களில் முக்கியமானவை பல் வைத்தியரின் வாசல், கொழும்புப் பேருந்தின் பின் ஆசனம், விசா நீட்டும் வரிசை ஆகியன. அறை யன்னலில் இருந்து வெளிச்சவீடு தெரியும். அதை அவர் போய்ப் பார்த்ததில்லை. அதன் வெளிச்சம் விழுகிற தூரத்தில் பிறந்தவருக்கு அதைப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

பிறந்த வீடு தங்கைக்குச் சீதனமாகப் போனது. தங்கை ரொறன்ரோவுக்குப் போனாள். வீடு வேறொருவர் கைக்குப் போனது. கலியாண வாழ்க்கையும் பிள்ளைகள் இல்லாமல், சண்டையும் இல்லாமல், ஒருநாள் போய்விட்டது. இப்படி எல்லாம் போன பிறகு வந்து சேர்ந்தது அவர் ஒருவர்தான். வந்தவர், முத்துக்குமாருவின் விடுதியில் மேல்மாடி அறை ஒன்றை மாத வாடகைக்கு எடுத்துக்கொண்டார்.

நாட்டின் வடமுனை என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில் அந்த விடுதி இருக்கிறது. தெற்கிலிருந்து பேருந்துகளில் ஆட்கள் வந்து பலகையோடு நின்று படம் எடுப்பார்கள். சனி ஞாயிறுகளில் கேதீஸ்வரன் வெளியே தலைகாட்டினால் யாராவது ஒரு கைத்தொலைபேசியைக் கொடுத்து, ஒரு படம் எடுத்துத் தரச் சொல்வார்கள். அந்தப் பலகையோடு அவர் நின்ற படம் ஒன்றுகூட இல்லை.

காலைச் சாப்பாடு ஒரு தனிப் பிரச்சினை. விடுதிக்கு வரும் வெள்ளைக்காரருக்கு முத்துக்குமாரு புட்டும் முட்டைப்பொரியலும் சம்பலும் வைப்பார். கேதீஸ்வரனுக்குப் பாணும் ஜாமும்.

"முத்துக்குமாரு, எனக்கும் அந்தப் புட்டிலை கொஞ்சம் வையுமன்."

"அது உறைப்பு அண்ணை. உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது."

"நான் இஞ்சை பிறந்தனான் ஐசே."

"பிறந்தனீங்கள்தான். வயிறு அங்கை இருந்து வந்ததுதானே."

மின்சாரம் நின்றால் முத்துக்குமாரு ஓடிவந்து மன்னிப்புக் கேட்பார், அயல்வீட்டுக்காரரிடம் யாரும் கேட்காத மன்னிப்பு. கோயிலில் ஐயர் அருச்சனைக்குப் பேர் கேட்பார், நட்சத்திரம் கேட்பார், பிறகு நாடு கேட்பார். சந்தையில் மீன்காரி விலை சொல்ல முன்னம் அவருடைய சப்பாத்தைப் பார்ப்பாள். செருப்புக்கு மாறிப் பார்த்தார். அவள் செருப்பைப் பார்த்தாள். அது நல்ல செருப்பு.

இவை எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒரேயொரு கேள்வி. வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் எங்கள் பக்கத்தில் ஒருவர் கேட்கும் முதற்கேள்வி, எப்ப வந்தனீங்கள். இரண்டாவது, எப்ப போறியள். போவீர்களா என்று எவரும் கேட்பதில்லை. போவது முடிந்த விஷயம், நாள்தான் தெரிய வேண்டும். இருக்க வந்தனான் என்று தொடக்கத்தில் அவர் சொல்லிப் பார்த்தார். கேட்டவர்கள் பகிடி விளங்கியதுபோலச் சிரித்துவிட்டு, "அதுசரி, எப்ப போறியள்?" என்று திரும்பவும் கேட்டார்கள்.

உண்மையில் அவர் பிரசாவுரிமையைத் திரும்ப எடுப்பதற்கு விண்ணப்பித்திருந்தார். கொழும்பில் அவருக்காக அலைந்த தரகர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "நேர்முகத்துக்குக் கூப்பிடுவினம். எப்பவெண்டு சொல்லேலாது. கூப்பிடேக்கை நாட்டிலை நில்லுங்கோ. இல்லாட்டி உங்கடை கோப்பு அடியிலை போயிடும்." ஆகவே கேதீஸ்வரன் நாட்டில் நின்றார். தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டுபோனார். அந்த ஒரு அழைப்பு வந்தால் தாளில் இருக்கும் சொல் மாறும், ஊரின் கேள்வியும் ஓயும் என்பது அவருடைய நம்பிக்கை. இரண்டாவது பாதியை எந்தத் தரகரும் அவருக்கு உறுதி சொல்லவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் கஜீபனின் ஓட்டோவில் வந்துகொண்டிருந்தார். வெயில். வீதி திருத்த வேலை, புழுதி. கஜீபன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"அண்ணை, எப்ப போறியள்?"

அன்று மட்டும் அந்தக் கேள்வி மூன்றாவது தடவை. கேதீஸ்வரனின் கால் ஆடத் தொடங்கிற்று.

"சித்திரைக்குப் பிறகு," என்றார்.

அவ்வளவுதான், கஜீபன் திருப்தியோடு வாயை மூடிக்கொண்டான். அத்தனை மாதத்தில் முதற்தடவையாக ஒரு ஓட்டோப் பயணம் அமைதியாக முடிந்தது. இவ்வளவு சின்னப் பொய்க்கு இவ்வளவு பலனா என்று கேதீஸ்வரன் வியந்தார். அந்த வாரம் ஐயருக்கும் மீன்காரிக்கும் அதையே சொன்னார்.

பங்குனியில் பலன் வீடு தேடி வரத் தொடங்கியது. முதலில் முத்துக்குமாரு. "சித்திரைக்குப் பிறகு உங்கடை அறைக்கு ஒரு பிரெஞ்சுச் சோடி வருகினம் அண்ணை. சரிதானே?" பிறகு ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருந்து ஒருவர், பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மாவோடு வந்தார், ஒஸ்லோவில் இருக்கும் மருமகனுக்கு. இன்னொருவர் கருவாட்டை நாலு பையில் சுற்றிக் கொண்டுவந்தும் அறை முழுக்க அது மணத்தது. வெளிநாட்டுக்குப் போகிறவரிடம் பார்சல் கொடுப்பது இங்கே உதவி கேட்பது ஆகாது. போகிறவருக்குச் செய்யும் மரியாதை அது. வேண்டாம் என்று சொல்லுகிறவனுக்கு ஏதோ மண்டைக்கனம் என்றாகும். கேதீஸ்வரன் எல்லாவற்றையும் வாங்கி அலுமாரியில் வைத்தார்.

கடைசியாகப் பத்மாவதி வந்தாள். விடுதிக்குப் பின்வீடு. புருசன் ஏரம்பு ஒரு காலத்தில் சொந்தமாகப் படகு வைத்திருந்தவன், கேதீஸ்வரனோடு ஒன்றாகப் படித்தவன். பாரிசவாதம் வந்து இப்போது கட்டிலோடு கிடக்கிறான். ஒரே மகள் ஆரபி ஒஸ்லோவில். முதற்பிள்ளை வயிற்றில், சித்திரைக் கடைசியில் நாள்.

"அண்ணை, அவளின்ரை சரக்கு இடிச்சிட்டன். நீங்கள் போறியள் எண்டு கஜீபன் சொன்னவன். அந்த ஆறுதலிலைதான் வறுத்தனான்."

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் வீடுகளில் சரக்குத்தூள் போட்டுத்தான் கறி வைப்பார்கள். மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு என்கிற சுக்கு, மஞ்சள். உள்ளிப்பூண்டுதான் நிறையப் போகும், அதைக் கறி வைக்கும்போது போடுவார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். அதைப் பெற்ற தாய் செய்து, பெற்ற தாய் போய்ச் சமைத்துக் கொடுப்பது முறை. பத்மாவதி ஏரம்புவை விட்டுப் போக முடியாது. ஆகவே அவளுக்குப் பதிலாகத் தூள் போகிறது.

கேதீஸ்வரன் அதை வாங்கவில்லை. "பின்னேரம் வீட்டை வாறன்," என்று மட்டும் சொன்னார். கருவாட்டைப் போல இதையும் அலுமாரியில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

பின்னேரம் போனார். ஏரம்பு கட்டிலில் சாய்ந்திருந்தான். ஒரு பக்க வாயால் சிரித்து, மெல்ல மெல்லச் சொல்லைச் சேர்த்துக் கேட்டான்.

"எப்ப... போறாய்?"

"நீயுமாடா," என்றார் கேதீஸ்வரன். பிறகு பத்மாவதியைப் பார்த்தார். "பத்மா, நான் போகேல்லை."

"ஓமோம். சித்திரைக்குப் பிறகுதானே. ஆறுதலாப் போங்கோ."

"இல்லை. அதுக்குப் பிறகும் போகேல்லை. கஜீபனுக்குச் சும்மா சொன்னனான். ரிக்கற்றும் இல்லை. நான் இஞ்சை இருக்கத்தான் வந்தனான்."

அவள் கையில் இருந்த தேத்தண்ணியைக் கதிரையில் வைத்தாள்.

"இருக்க ஆரும் வாறதே அண்ணை? எல்லாரும் வந்திட்டுப் போறதுதானே."

"நான் அப்பிடி இல்லை."

"பென்சன் நிண்டு போச்சுதோ?"

"இல்லை."

"அங்கை ஏதும் பிரச்சினையோ? பொலிசு கிலிசு?"

"ஒண்டும் இல்லை பத்மா."

கட்டிலில் ஏரம்பு சிரிக்க முயன்று இருமினான். அவள் போய் அவனை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப இந்தச் சரக்கு?"

"கூரியரிலை போடலாம். ரவுணிலை நல்ல இடம் இருக்கு. நானே கொண்டுபோய்ப் போடுறன்."

"போன முறை அவளுக்குப் பருத்தித்துறை வடை அனுப்பினனான். போய்ச் சேரேக்கை அது மா. இதைப் போட்டால், பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகேக்கை போய்ச் சேரும். போய்ச் சேர்ந்தும் என்ன? இதை எப்பிடிக் காய்ச்சிறது எண்டு டினேசுக்குத் தெரியுமே? அவன் முட்டை அவிக்கிறதுக்கு வீடியோ பாக்கிறவன்." டினேஸ் அவளுடைய மருமகன்.

அவள் கோபிக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. பழைய சாரத்துண்டில் சுற்றியிருந்த போத்தலை எடுத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

"அதுக்கென்ன. இது பழுதாப் போகாது. வருசம் கிடக்கும். தேத்தண்ணியைக் குடியுங்கோ அண்ணை, ஆறுது."

கேதீஸ்வரன் குடித்தார். கதிரை ஆடியது. அவள் ஏசியிருந்தால் அவர் இருந்த இடத்திலேயே இருந்திருப்பார் என்பது என் எண்ணம்.

அடுத்த வார முடிவில் வடமுனைப் பலகையடியில் ஒரு புதுமை நடந்தது. இவ்வளவு நாளும் ஆட்களைக் கண்டு ஒளித்துத் திரிந்த கேதீஸ்வரன், தாமாகவே போய் அங்கே நின்றார். கேட்காமலே படம் எடுத்துக் கொடுத்தார். தமிழ் கதைக்கும் ஆட்களாக இருந்தால், கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்.

"எந்த நாடு? எப்ப போறியள்?"

லண்டன் என்றார்கள். பரிஸ் என்றார்கள். ஒரு கனடாக் குடும்பத்துத் தகப்பன் இந்தக் கேள்வியில் முகம் சிவந்து, "ஏன், இப்பவே போகச் சொல்லுறியளோ?" என்றார். கேதீஸ்வரன் அவரிடம் மனதார மன்னிப்புக் கேட்டார். அவரைவிட அந்தக் கோபம் தெரிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை.

ஞாயிறு மதியம் ஒஸ்லோப் பெடியன் ஒருவன் அகப்பட்டான். பேர் கிருஷாந். அந்தக் கிழமையே பயணம். கேதீஸ்வரனின் பேருந்தில் பள்ளிக்கூடம் போயிருக்கிறான், நல்ல பிள்ளையும்கூட. விஷயத்தைக் கடைசிவரை கேட்டான்.

"அங்கிள், குறை நினைக்காதேங்கோ. தெரியாத ஆக்களிட்டைப் பொதி வாங்க வேண்டாம் எண்டு எயார்போட்டிலை சொல்லிக்கொண்டே இருப்பினம். அதுவும் தூள் எண்டுறியள்."

"சரக்குத்தூள் தம்பி. மணந்து பார்க்கலாம்."

"நான் மணப்பன். நாயும் மணக்கும்." பிறகு கொஞ்சம் யோசித்துக் கேட்டான். "உங்களிட்டை நோர்வேப் பாஸ்போட் இருக்குத்தானே? நீங்களே கொண்டு போகலாமே. எப்ப போறியள்?"

கேதீஸ்வரன் கடலைப் பார்த்தார். கால் ஆடவில்லை என்று பிறகு முத்துக்குமாரு சொன்னார். விடுதி வாசலில் நின்று அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்திரைக்குப் பிறகு," என்றார் கேதீஸ்வரன்.

தரகர் தொலைபேசியில் கத்தினார். கோப்பு மேலே வந்துவிட்டது, இன்றோ நாளையோ கூப்பிடுவார்கள், விசரோ உங்களுக்கு என்றார். ஓம் என்றார் கேதீஸ்வரன். பத்மாவதி போத்தலைக் கொடுக்கும்போது நன்றி சொல்லவில்லை. உள்ளியை எவ்வளவு, எப்போது போடுவது என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள், திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஏரம்பு சரியான கையால் அவருடைய கையைப் பிடித்து ஏதோ சொன்னான். "எப்ப வருவாய்" என்றுதான் கேட்கிறான் என்று அவள் விளங்கப்படுத்தினாள். அந்தக் கேள்வியைக் கேதீஸ்வரனிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கொழும்பிலிருந்து அழைப்பு வந்தபோது அவர் ஆரபியின் குசினியில் நின்றார். தொலைபேசி மேசையில் கிடந்து நடுங்கியது. அடுப்பில் கறி கொதித்தது, கையில் கரண்டி. கறியை இறக்கிவிட்டு எடுத்துப் பார்த்தார். நின்றுவிட்டது. கோப்பு அடியில் போனது.

வைகாசியில் திரும்பி வந்தார். கடவுச்சீட்டில் புதுத் தாள், அதே சொற்கள். அறையில் பிரெஞ்சுச் சோடி இருந்ததால் சில நாள் பத்மாவதி வீட்டு முன்னறையில் படுத்தார். காலையில் அவருக்குப் புட்டு வைத்தார்கள். கஜீபன் கண்டதும் கேட்டான், எப்ப வந்தனீங்கள், எப்ப போறியள்.

முத்தையா கேதீஸ்வரன் அந்த வருடம் ஒஸ்லோவுக்குப் போய், பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு அவளுடைய தாய் இடித்த தூளில் பன்னிரண்டு நாள் கறி வைத்துக் கொடுத்துவிட்டு, பருத்தித்துறைக்குத் திரும்பி வந்தார்.