டெல்ஃபியா படிவத்தை வண்டியில் விட்டுவிட்டுப் போன நாள்

கென்டக்கி மலைக்குள், எங்கள் பாப்லர் ஓடைப் பாதையில் தினமும் பதினாறு வீட்டு வாசலில் பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்துகிறவன் நான். யார் யாரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள், எந்த வீட்டுப் புகைபோக்கியில் மூன்று நாளாகப் புகை இல்லை என்பதெல்லாம் கண்ணாடி வழியே தெரிந்துவிடும். கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன். டெல்ஃபியா நேப்பியரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு அறுபத்தொன்று. புருஷன் நிலக்கரித் தூசியில் நெஞ்சடைத்துப் போனார். ஒரே மகன் ராய். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று அவன் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். அவன் அதை முகர்ந்து பார்த்தான். கைகால் வெட்டிக்கொள்வான் என்று வீட்டில் அதைத் தொடவே விட்டதில்லை. ‘இன்னும் பக்குவமில்லை’ என்று எழுதி, பின்தங்கிய பிள்ளைகளை ஒதுக்கும் பின்பக்க அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு வருஷத்துக்குத்தான் என்றார்கள். பதினைந்து வயது வரை உட்கார்ந்தவன், ஒருநாள் எழுந்து போய்விட்டான். அவனுக்குப் பத்து வருஷம் முன்னால் அதே அறையில் நானும் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ராய் இப்போது எங்கே என்று டெல்ஃபியாவிடம் யாரும் கேட்பதில்லை. நான்கூட.

ராய் போன பிறகுதான் அவள் இந்த வேலைக்கு வந்தாள். மூன்று நான்கு வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை போய் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பெற்றவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளையோடு விளையாட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மரக்கட்டைகள், படப் புத்தகங்கள், வண்ணக் குச்சிகள். எந்த வீட்டிலும் முதலில் வெளியே வருவது கத்தரிக்கோல்தான். கூடவே அட்டையில் செருகிய ஒரு படிவம். பிள்ளை என்ன செய்தது, என்ன சொன்னது என்று அங்கேயே எழுத வேண்டும்.

எஸ்டில் கேஹார்ட்டின் மகள் ஓப்பலுக்கு நான்கு முடிந்து ஐந்து நடந்தது. சுரங்கம் மூடியதிலிருந்து எஸ்டிலுக்குக் கிடைத்த வேலைதான் வேலை. பெண்டாட்டி போதை மாத்திரைப் பழக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். டெல்ஃபியா ஏழு மாதம் அந்த வீட்டுக்குப் போனாள். ஓப்பல் கட்டை அடுக்கினாள், காகிதம் வெட்டினாள். கேள்வி கேட்டால் மட்டும் ஒரே பதில்: “தெரியாது.”

மே மாதம் பள்ளிக்கூடத்தில் பரிசோதனை வைத்தார்கள். ரிட்டர் டீச்சர் கையில் அட்டையோடு இருபத்திரண்டு கேள்வி கேட்டார். இருபத்திரண்டுக்கும் “தெரியாது.” பின்பக்க அறை என்று முடிவாயிற்று. டெல்ஃபியாவின் படிவத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அதிலும் அதேதான் இருந்தது, அவள் கையெழுத்திலேயே.

ஜூனில் பெய்த மழையில் ஓடை வண்டிப் பாலத்துக்கு மேல் போனது. இனி தொங்குபாலம் வழியாக நடந்துதான் எஸ்டில் வீட்டுக்குப் போக முடியும். ஒரு கை தொட்டிக்கு, ஒரு கை கம்பிக்கு. படிவத்தை வண்டியிலேயே போட்டுவிட்டு நடந்தாள்.

வாசலில் ஓப்பல் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெல்ஃபியா மூச்சு வாங்கிக்கொண்டே, “எத்தனை கோழிடி வச்சிருக்கீங்க?” என்றாள், சும்மா.

“பதினொண்ணு. கட்டிலுக்கடியில ஒண்ணு அடைகாக்குது. அதையும் சேத்தா பன்னெண்டு. ஏன் பெரியம்மா, இன்னைக்குப் பேப்பர் கொண்டாரலையா?”

டெல்ஃபியா தொட்டியைக் கீழே வைத்தாள். “பேப்பர் இருந்தா என்னடி?”

“பேப்பர் வச்சுக்கிட்டு யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும். அப்பா சொல்லியிருக்காரு.”

எஸ்டில் கதவருகில்தான் நின்றான். “கிளே ஞாபகம் இருக்குல்லக்கா?” என்றான்.

கிளே அவனுடைய மூத்த மகன். மூன்று வருஷம் முன்னால் கவுன்ட்டி ஆபீஸிலிருந்து ஒரு அம்மா படிவத்தோடு வந்து, ‘நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?’ என்று கேட்டாள். ‘ஒண்ணுமில்ல’ என்று பையன் உள்ளதைச் சொன்னான். பிள்ளையைப் பட்டினி போடுகிற வீடு என்று, பத்தே நாளில் வந்து கூட்டிப்போனார்கள். வேறொரு ஊரில் வேறொரு வீட்டில் வளர்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வரும்.

“எனக்கு இவ ஒருத்திதான் மிச்சம்,” என்றான் எஸ்டில்.

“எனக்கு ஒருத்தனும் மிச்சமில்லடா,” என்றாள் டெல்ஃபியா. “என் பையனை யாரும் வந்து தூக்கிட்டுப் போகல. தினம் சாயங்காலம் வீட்டுக்குத்தான் வந்தான். அந்த ரூம்லேயே கொஞ்சங் கொஞ்சமா போயிட்டான். நீ பள்ளிக்கூடத்துக்கு வந்து, ‘சொல்லும்மா’ன்னு உன் வாயால சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டா.”

“அவ உள்ளதைச் சொல்லி, அவங்க எழுதிக்கிட்டா?”

“அது நடக்காதுன்னு என்னால சொல்ல முடியாது.”

அவன் சம்மதிக்க ஆறு வாரம் பிடித்தது. இடையில் டெல்ஃபியா பள்ளிக்கூடத்துக்கு நான்கு தடவை நடந்து, இன்னொரு பரிசோதனைக்கு நாள் வாங்கினாள்.

ஆகஸ்ட் முதல் வாரம் எஸ்டில் சலவைச் சட்டையோடு ஓப்பலைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்து, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தான். உள்ளே நடந்ததை டெல்ஃபியா பாதி சொன்னாள். மீதியைப் பள்ளிக்கூடம் துடைக்கும் வெர்ல் சொன்னான். அந்த அறை வாசலில் ஒரே இடத்தை அரை மணி நேரம் துடைத்திருக்கிறான்.

“சொல்லும்மா. என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லு,” என்றான் எஸ்டில்.

நிறம் சொன்னாள். எண்ணினாள். வட்டம் வரைந்தாள். பத்தொன்பதாவது கேள்வி எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பதுதான், அட்டையில் அச்சடித்தே இருக்கிறது. “பசிச்சா என்ன பண்ணுவே?”

வெர்ல் துடைப்பதை நிறுத்திவிட்டானாம். எஸ்டில் தரையைப் பார்த்தான். ஓப்பல் அவனைப் பார்த்தாள்.

“அப்பாகிட்ட சொல்லுவேன்.”

“அப்புறம்?”

“சோள ரொட்டி குடுப்பாரு. இல்லேன்னா, வெளியில போய் ஏதாவது கொண்டாருவாரு. அது வரைக்கும் நான் கோழி எண்ணுவேன்.”

ரிட்டர் டீச்சர் வெகுநேரம் அட்டையையே பார்த்தார். ‘சாப்பிடுவேன்’ என்பதுதான் அதில் போட்டிருந்த பதில். சரி என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

டெல்ஃபியா இப்போதெல்லாம் படிவத்தை வண்டியிலேயே உட்கார்ந்து எழுதுகிறாள். ஆபீஸில் திட்டுகிறார்கள். பழைய படிவங்களில் இன்னும் எத்தனை ‘தெரியாது’ இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பள்ளி திறந்த அன்று, மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார, ஓப்பல் என் பஸ்ஸில் ஏறினாள். நான் யோசிக்காமல் வருகை அட்டையைத் தூக்கிப் பிடித்து, “பேர் என்னம்மா?” என்றேன்.

அவள் அட்டையைப் பார்த்தாள். திரும்பிப் பாதையோரம் நின்ற எஸ்டிலைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

“ஓப்பல் கேஹார்ட்,” என்றாள். “உங்க பஸ் கண்ணாடியில கீறல் விழுந்திருக்கு.”

கதவை மூடினேன். வளைவு திரும்பும்வரை, பின்னால் பார்க்கும் அந்தக் கண்ணாடியில் பார்த்தேன். எஸ்டில் அதே இடத்தில் நின்றான். அவனுக்குப் பின்னால் டெல்ஃபியாவின் வண்டி நின்றிருந்தது. அவள் இறங்கவில்லை.