வயோலாக்காரிக்குக் கட்டிய காப்பு

2024 ஆகஸ்ட் 21, புதன்கிழமை. பண்டாரவளையில் பள்ளி விடுமுறை இசை முகாமின் இரண்டாம் நாள். பெண்பிள்ளைகள் தங்கிய அறைகளுக்கு நான் பொறுப்பு. விடிந்ததும் அவர்களை எழுப்பினேன். சுடுதண்ணீர் வாளிகளை வரிசைப்படி கொடுத்தேன். பாணும் பருப்பும் சாப்பிட்டு முடித்ததும் கருவிகளை மண்டபத்துக்கு எடுத்துப்போகச் சொன்னேன். ஊவாவின் ஆகஸ்ட் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். தேயிலைக்கு அது நல்லது. மரக் கருவிகளுக்கு ஆகாது. முதல்நாள் இறுக்கிய திருகுகள் காலையில் தளர்ந்திருக்கும். அதனால் முதல் வகுப்பில் பாதி சுருதி சேர்ப்பதிலேயே போய்விடும்.

பெரும்பாலான பிள்ளைகள் வயலின் வாசித்தார்கள். சிலர் செலோ. வயோலாவுக்கு ஒருத்திதான் இருந்தாள். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த பதினாறு வயதுப் பெண். வயோலா வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரலும் கனத்தது. யாரும் அதை விரும்பிக் கேட்டு வாங்குவதில்லை. போன வருட முகாமில், கை நீளமாக இருக்கிறது என்று சொல்லி அவளிடம் கொடுத்தார்கள். முகாமுக்குச் சொந்தமான அந்தக் கருவியைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வருடம் முழுக்கப் பழகியிருந்தாள்.

"என்னடி, பலாப்பழத்தத் தோள்ல வச்சிருக்க?" என்று வயலின்காரிகள் சீண்டினார்கள்.

"ஒங்க நெல்லிக்காய நீங்க பாருங்கடி" என்றாள் அவள்.

சனிக்கிழமை மாலை கச்சேரி. முதல் உருப்படியை வயோலா மட்டும் தனியாகத் தொடங்கும். பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்வார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த மாஸ்டர் அவளை மனத்தில் வைத்தே அதை எழுதியிருந்தார். அன்று காலை அவள் அதை வாசித்தபோது சமையலறைப் பெண்கள் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார்கள்.

மத்தியானம் அவளுடைய அப்பா வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அரைநாளோடு வேலையை முடித்துக்கொண்டு பஸ் ஏறியிருந்தார். கையில் ரொட்டியும் கோயில் கடலையும் இருந்தன. அவர்களுடைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அந்த வாரம் திருவிழா. ஆடியிலேயே நடந்திருக்க வேண்டியது. தோட்டத் தலைவர்மார் இரண்டு பேர் யார் கொடி ஏற்றுவது என்று சண்டை பிடித்ததில் தள்ளிப்போயிருந்தது. அவள் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாள். அவளுடைய அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. அடுத்த மாதம் பதுளை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று திகதி கொடுத்திருந்தார்கள்.

அப்பா சட்டைப்பையிலிருந்து மஞ்சள் கட்டிய நூல் ஒன்றை எடுத்தார்.

"பூசாரிகிட்ட ஒனக்குன்னு கேட்டு வாங்கியாந்தேன் புள்ள. கைய நீட்டு."

அவள் வலது கையை நீட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டினார். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள்; எனக்கு அதன் சட்டங்கள் தெரியாது. பார்க்க அழகாக இருந்தது என்று மட்டும் நினைத்தேன்.

பின்னேரம் அவர் சமையலறையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மனைவி போன் எடுத்தார். காப்புக் கட்டிவிட்டதாக இவர் பெருமையாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பக்கக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அங்கயேவா கட்டுனீங்க? ஒங்களுக்கு மண்டையில என்னதான் இருக்கு? அவளுக்கு இப்பக் காப்பு வேணாம்னுதானே மொத நாளே முகாமுக்கு அனுப்பிவச்சேன்!"

போனை வைத்துவிட்டு அவர் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. காப்புக் கட்டியவர்கள் பொழுது சாய்வதற்குள் தோட்டத்து எல்லைக்குள் போய்விட வேண்டும். அதை அவிழ்க்கும்வரை ஓர் இரவுகூட வெளியே தங்கக் கூடாது. சனிக்கிழமை மாலை ஆற்றங்கரையில் கரகத்தைச் சோடித்துப் பூசைவைத்துப் பாலிக்கும்போது அவர்கள் எல்லோரும் அங்கே நிற்க வேண்டும். அம்மா இதை முன்கூட்டியே யோசித்திருந்தார். காப்புக் கட்டுமுன் மகளை அனுப்பிவிட்டு, கச்சேரி முடிந்தபின் ஞாயிறு காலை கோயிலில் வைத்துக் கட்டி, உடனே பால்குடம் எடுக்க வைப்பதாகத் திட்டம். வீட்டுக்காரரிடமும் மகளிடமும் சொல்லத்தான் மறந்துவிட்டார்; கட்டும் அவசரத்தில் அவர்கள் இருவருக்கும் அந்தச் சட்டம் நினைவில் வரவில்லை.

நான் மாஸ்டரிடம் போனேன். கச்சேரியை மத்தியானத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"ஏலாது டீச்சர். மண்டபத்தில மத்தியானம் கலியாணம். அவங்க மேசையத் தூக்கின பிறகுதானே நமக்கு எடம்." இசைத்தாளைப் புரட்டிவிட்டு, "அந்தத் தொடக்கத்த வேற யாருக்குக் குடுக்கிறது?" என்று என்னையே கேட்டார்.

திரும்பி வந்தபோது அப்பா சமையலறைக் கத்தியைக் கையில் வைத்திருந்தார்.

"அறுத்துப் போட்டுர்றேன் டீச்சர். நான்தானே கட்டுனேன்? தப்பு என்னோடது, பாவமும் என்னோடதா இருக்கட்டும். புள்ள வாசிக்கட்டும்."

மகள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"தொடாதீங்கப்பா."

"ஒரு வருசமா வாசிச்சியேம்மா."

"அதுக்கு? அறுத்துட்டு நான் இங்க நின்னு வாசிப்பேன். நாளைக்கு ஆஸ்பத்திரியில அம்மாவுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா யாருகிட்டப்பா போயி அழுவேன்?"

அவர் கத்தியைப் பலகையில் வைத்தார். சமையற்காரப் பெண் அதை எடுத்து, வெறுமனே கழுவினாள்.

நான் சொல்லக்கூடியவை சில இருந்தன. நூலுக்கும் கட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். என் பின்னாலேயே வந்திருந்த மாஸ்டர் கேட்கத்தான் வாயெடுத்தார். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எங்கள் வீட்டில் நோய் வந்தபோது நான் எதை எதையெல்லாம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அவளுடைய உடுப்புகளை மடிக்க உதவினேன்.

வயோலாவை அவளே துடைத்தாள். தந்திகளின் மேல் படிந்திருந்த வெள்ளைப் பொடியைத் துணியால் எடுத்தாள், வில்லைத் தளர்த்தினாள். பெட்டியை மூடி என்னிடம் நீட்டினாள். கச்சேரிக்கு அது வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"மூணாவது திருகு வழுக்கும் டீச்சர். உள்ள தள்ளித் திருகச் சொல்லுங்க" என்றாள்.

வயலின்காரிகள் படிக்கட்டில் நின்றார்கள். யாரும் பலாப்பழம் என்று சொல்லவில்லை. ஒருத்தி மட்டும், "ஞாயித்துக்கெழம பால்குடத்தக் கீழ போட்றாதடி" என்றாள். வயோலாக்காரி சிரிக்கப் பார்த்தாள்.

பதுளை பஸ் வந்தது. அப்பா பையைத் தூக்கிக்கொண்டு முதலில் ஏறினார். ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். அவள் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. பஸ் வளைவில் திரும்பியது. வெளிச்சம் இன்னும் இருந்தது. இருட்டுமுன் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இராச் சாப்பாட்டில் ஒரு தட்டு மிச்சம் என்று சமையலறையில் சொன்னார்கள். கணக்கில் திருத்திக்கொள்ளச் சொன்னேன்.

மறுநாள் காலை, பிள்ளைகளை எழுப்புவதற்கு முன், வயோலாவை எடுத்து அதன் அடியில் மாட்டியிருந்த தோள்தாங்கியைக் கழற்றினேன். அவளுக்குப் பதிலாக வாசிக்க மாஸ்டர் தேர்ந்தெடுத்திருந்த பிள்ளைக்குக் கழுத்து குட்டை. தாங்கியின் திருகாணிகளை இரண்டு பக்கமும் தாழ்த்தி, மறுபடி மாட்டினேன்.