இரண்டாம் தடவை கேட்காதவன்

மார்ச் மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை, மாட்டுச் சந்தை கலைந்துகொண்டிருந்தபோது, என் அத்தை ஃபிடெல்மா சந்தைக் கேண்டீனை விட்டுப் போனாள். கையில் உருளைக்கிழங்கு வேகவைக்கும் அவளுடைய சொந்தப் பானை. அதற்குள் ஏப்ரன், இரண்டு கத்தி, ஒரு சின்ன ரேடியோ. மழை தூறிக்கொண்டிருந்தது.

யாரும் வழியனுப்ப வரவில்லை என்று சொல்ல முடியாது. ஏல வளையத்தைச் சுற்றி எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

"கெளம்பிட்டியா ஃபிடெல்மா?"

"கெளம்பிட்டேன்."

"நல்லா இரு."

"நீங்களும் நல்லா இருங்க."

"மழை வலுக்கும்போல இருக்கு" என்றார் ஒருவர்.

அவ்வளவுதான். இருபது வருஷத்துக்கும் மேலாக அவள் கையால் வயிறு நிறைந்தவர்களுக்கு வானிலையைப் பற்றித்தான் பேச்சு வந்தது. அந்தப் பானையை வாங்கி அந்த மனிதரின் கால்மேல் போடலாமா என்று இருந்தது எனக்கு.

அத்தை அயர்லாந்தின் ரோஸ்காமனில் ஒரு சின்னப் பண்ணையில் கடைக்குட்டியாகப் பிறந்தவள். அம்மா படுத்த படுக்கையானபோது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தாள். புல் வெட்டும் நாட்களில் டிராக்டரோடு வரும் ஆட்கள் அத்தனை பேருக்கும் அவள்தான் சமையல். கொஞ்ச காலம் லண்டனில் ஒரு ஹோட்டலில் காய்கறி நறுக்கினாள். திரும்பி வந்ததும் லாரி ஓட்டும் மார்ட்டின் மாமா பெண் கேட்டார். "ஐயோ, நானா? போங்க" என்றாள். மாமா மறுபடி கேட்டார். மறுபடியும் போங்க என்றாள். மூன்றாவது தடவை கேட்டபோது சரி என்றாள். முதல் தடவையே அவளுக்குச் சம்மதம் என்பது மாமாவுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். மாமா செத்துச் சில வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவளுக்கென்று மிஞ்சியது கேண்டீன் ஒன்றுதான்.

எங்கள் ஊர் அப்படி. தேநீர் குடிக்கிறாயா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஒன்பது வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு அந்தக் குளிர்காலத்தில்தான் நான் திரும்பியிருந்தேன். வந்த வாரமே அத்தையோடு ஒரு பண்ணை வீட்டுக்குப் போனேன், அந்த வீட்டு அம்மாள் தேநீர் போடவா என்று கேட்டாள். "போடுங்க" என்றேன். கெட்டிலைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். காரில் ஏறியதும் அத்தை பிடித்துக்கொண்டாள்.

"என்னடி அது? சோத்துக்கு இல்லாதவ மாதிரி, கேட்ட ஒடனே போடுங்கன்னா சொல்லுவாங்க?"

"வேணும்னுதான் அத்தை சொன்னேன்."

"வேணும்னா? வேணும்கறதுக்காக அப்படியே சொல்லிடறதா? நல்லா ஊர் சுத்தினே போ!"

வேறு வேலை கிடைக்காததால் செவ்வாய்க்கிழமைகளில் அவளோடு போய்ப் பாத்திரம் கழுவினேன். நடுப்பகலில்தான் எங்கள் பெரிய சாப்பாடு. உப்பிட்ட பன்றி இறைச்சி, முட்டைக்கோஸ், மசித்த டர்னிப், மேலே வெள்ளைக் குழம்பு. உருளைக்கிழங்கு மட்டும் மூன்று விதம்: தோலோடு வெந்தது, மசித்தது, பொரித்தது. இதில் ஒன்று குறைந்தாலும் தட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள், ஆனால் வாய் திறக்க மாட்டார்கள். அத்தை கரண்டியோடு மேசை மேசையாகப் போவாள். "போதும் ஃபிடெல்மா, போதும்" என்று கையை ஆட்டுவார்கள். அவள் கையைப் பார்ப்பதில்லை, தட்டைத்தான் பார்ப்பாள். தட்டு நகராவிட்டால் இன்னும் இரண்டு கிழங்கு விழும்.

கதவோரத்து மேசை பேட்ஸி ஹான்லிக்கு. கல்யாணம் ஆகாத விவசாயி, தனியாக இருப்பவர். மற்ற நாட்களில் ரொட்டியும் தேநீரும், அலுத்துப்போனால் பெட்ரோல் பங்கில் ஒரு சிக்கன் ரோல். வாரத்தில் அவர் உட்கார்ந்து சாப்பிடும் சூடான சாப்பாடு இது ஒன்றுதான். அந்தச் சந்தை, விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். பேட்ஸி அதன் கமிட்டியில் இருந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் வயிற்றெரிச்சலே இதில்தான் இருக்கிறது.

பழைய மேலாளர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு கோர்மாக் டீகன் வந்தான். டப்ளின்காரன், பத்து வருஷம் ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்த்தவன். பிப்ரவரியில் ஒரு காலை கேண்டீன் ஜன்னலில் வந்து நின்றான்.

"ஃபிடெல்மா, கேண்டீனை இனிமே சங்கம் நடத்தப் போறதில்ல. குத்தகைக்கு விடப் போறோம். நீங்களே எடுத்துக்கறீங்களா? முதல்ல உங்களத்தான் கேக்கறேன்."

அத்தை அந்த நாளுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தாள்! சொன்னது என்ன தெரியுமா?

"ஐயோ, நானா? எனக்கென்னப்பா தெரியும். வேற யாராவது கெட்டிக்காரியாப் பாருங்க."

"சரி, புரியுது. நேரடியா சொன்னதுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அன்று வீடு திரும்பும்போது காரில் அத்தைக்கு வாய் ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் திறக்க வேண்டும், ஆட்டுக்கறி வறுவல் போட வேண்டும், சுவருக்கு வெளிர் மஞ்சள் அடிக்க வேண்டும், அந்தப் பழைய அடுப்பைத் தூக்கி எறிய வேண்டும்.

"வேணாம்னு சொல்லிட்டியே அத்தை?"

"மொதத் தடவ வேற என்னடி சொல்லுவாங்க? திரும்பக் கேப்பான்."

அடுத்த செவ்வாய் அவன் வந்து, "சூப் நல்லா இருக்கு" என்றான். அதற்கடுத்த செவ்வாய் வரவே இல்லை. அத்தை ஒவ்வொரு வாரமும் புது ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி கிழங்கு உரித்தாள்.

"நீயே போய்ச் சொல்லு அத்தை."

"நானே போயி வாயத் தொறந்து கேக்கறதா? என்ன நெனைப்பான்?"

"ஆசப்படறேன்னு நெனைப்பான். ஆசதானே படறே?"

அத்தை கத்தியை அழுத்தினாள். கிழங்கின் தோல் தடியாக, சதையோடு வெட்டுப்பட்டு விழுந்தது.

மார்ச் நடுவில் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். நகரத்திலிருந்து ஒரு கம்பெனி வருகிறது. ஒரு குளிர்பெட்டி, காப்பி மெஷின், பிளாஸ்டிக்கில் அடைத்த முக்கோண சாண்ட்விச். ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் நேராக அவன் அறைக்குப் போனேன்.

"அத்தையக் கேட்டீங்களே, ஏன் மறுபடி கேக்கல?"

"கேட்டேன். வேண்டாம்னாங்க."

"அது வேண்டாம் இல்ல."

"பின்ன என்ன அது?" உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டான். "ஒரு பெண் வேண்டாம்னு சொன்ன பிறகும் நான் விடாம நச்சரிக்கணும்ங்கறீங்களா?"

அவன் பேசியது வரிக்கு வரி நியாயமாக இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது.

"இத கமிட்டியில வச்சீங்களா?"

"வச்சேனே. ஃபிடெல்மாவுக்கு விருப்பம் இல்லைன்னு சொன்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க."

பேட்ஸியை மாடு ஏற்றும் டிரெய்லர்கள் நிறுத்தும் இடத்தில் பிடித்தேன்.

"அவளுக்கு விருப்பம் இல்லைன்னு அவன் சொன்னப்ப உங்களுக்குத் தெரியாதா பேட்ஸி, அவ எந்த அர்த்தத்துல சொல்லியிருப்பான்னு?"

"தெரியும்மா."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"அப்ப வாயில என்ன உருளைக்கிழங்கா வச்சிருந்தீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "புது ஆளு பாரு. நாலு பேர் முன்னாடி அவருக்குத் தெரியலைன்னு காட்டிக் குடுத்தா நல்லாவா இருக்கும்? வேற யாராவது சொல்லுவாங்கன்னு நெனைச்சோம்."

ஒன்பது வருஷத்தில் எத்தனையோ ஊர்களில் ஏமாற்றப்பட்டிருக்கிறேன், திட்டு வாங்கியிருக்கிறேன். இந்த மரியாதையைப் போல என்னை வேறு எதுவும் கொதிக்க வைத்ததில்லை. எதிரே இருப்பவன் மனம் கோணக்கூடாது என்றே பார்த்துப் பார்த்து ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்தார்கள். கெடுத்துவிட்டு, நல்லா இரு என்றார்கள். அவள்மேலும் எனக்குக் கோபம்தான். ஆசைப்பட்டதை ஆசைப்பட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டவள்.

அத்தைக்குப் பெட்ரோல் பங்கின் சூடான உணவுக் கவுண்டரில் வேலை கிடைத்தது. தலையில் வலை, கையில் உறை, ரோல் ரொட்டியை நீளமாக அறுத்து அதில் கோழித் துண்டும் வெண்ணெயும் அடைக்கும் வேலை. வாடிக்கையாளர் எதைக் காட்டுகிறாரோ அதை வைக்க வேண்டும், அவ்வளவே. சந்தைக்காரர்கள் இப்போது அங்கே வந்து நின்றார்கள். சாண்ட்விச் பெட்டி அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு காலை நான் பெட்ரோல் போட்டுவிட்டு உள்ளே போனபோது வரிசையின் முதல் ஆளாகப் பேட்ஸி நின்றிருந்தார். ஏற்கெனவே மெலிந்தவர், இன்னும் இளைத்திருந்தார். ரோலுக்குள் ஒரு சாசேஜ் படுத்திருந்தது.

"இன்னொரு சாசேஜ்?" என்றாள் அத்தை.

"வேணாம், வேணாம்."

அத்தை ரோலைக் காகிதத்தில் சுற்றி நீட்டினாள். பேட்ஸி கையை நீட்டவில்லை. காத்திருந்தார்.

"வேணாம்னு சொன்னீங்களே பேட்ஸி."

"ஆமா... சொன்னேன்தான்."

"நீங்க சொன்னத அப்படியே எடுத்துக்கிட்டேன். இப்பல்லாம் அப்படித்தானாம். அடுத்தது யாரு?"

வரிசையில் ஒருவர் இருமினார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பேட்ஸியின் காது சிவந்துபோயிற்று. ரோலை வாங்கிக்கொண்டு மழையில் போனார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அத்தையோ அடுத்த ரோலை வெண்ணெயே தடவாமல் சுற்றிக் கொடுத்துவிட்டாள்.

சாண்ட்விச் கம்பெனி விலகிப் போனதை ஊர் தானாகத் தெரிந்துகொண்டது. குளிர்பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள், கேண்டீன் கதவைப் பூட்டினார்கள்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மறுபடி கிழங்கு வேகிறது. சுவர் வெளிர் மஞ்சள். பானையும் ரேடியோவும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. ஆனால் அத்தை கரண்டியோடு மேசை மேசையாகப் போவதில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறாள். "வேணும்னு சொன்னாத்தான் கரண்டி வரும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பெரிய பெரிய ஆம்பிளைகள் தட்டை ஏந்திக்கொண்டு வந்து, கழுத்துவரை சிவந்து, அந்த ஒரு சொல்லை மென்று விழுங்குகிறார்கள். பேட்ஸி இன்னும் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறார். சொல்லட்டும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

எப்படித் திரும்பி வந்தாள் என்று கேட்டால் அவள் போனைத்தான் நீட்டுகிறாள். கேண்டீனை விட்டுப் போன இரண்டாவது கோடையில் வந்த செய்தி அது. அதற்கு அவள் அனுப்பிய பதில் "வருகிறேன்" என்ற ஒரே சொல். வாழ்நாளில் முதல் தடவையாக, கேட்ட உடனே.

"ஃபிடெல்மா, கோர்மாக் எழுதுகிறேன். பேட்ஸி ஹான்லி இன்று என் அறைக்கு வந்தார். வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, அன்றைக்கு நீங்கள் வேண்டாம் என்றது வேண்டாம் என்பதற்காக அல்ல என்றார். கமிட்டியில் எல்லோருக்கும் அது தெரியும் என்றார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. கேண்டீன் காலியாக இருக்கிறது. இரண்டாம் தடவை கேட்கிறேன், வருகிறீர்களா? வேண்டாம் என்றால் நாளைக்கு மூன்றாம் தடவை கேட்பேன்."