லுசாகா முதல் நைரோபி வரை ஒரு நூல்

சிவப்பு நூல். ரவிக்கை தைக்கிற சாதாரண நூல்தான். டீச்சர் அதைக் கைப்பையிலிருந்து எடுத்து, என் மேசைமேல் விரித்திருந்த ஆப்பிரிக்கா படத்தில் ஒரு நுனியை லுசாகாவிலும் மறுநுனியை நைரோபியிலும் வைத்து அழுத்தினார். அந்த நீளத்தை ஸ்கேலில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆயிரத்து நூத்திச் சொச்சம் மைலு சார். ரெண்டரை மணி நேரம் ஆவும்லா?" என்றார். ஆகும் என்றேன். அதுவரைக்கும் என் மானம் பத்திரமாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில், துபாய் தேராவில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் எழுதுவது என் வேலை. டீச்சர் பாளையங்கோட்டைக்காரர், துபாய்ப் பள்ளி ஒன்றில் பூகோளம் நடத்தினார். அவர் கணவருக்கு லுசாகாவில் வாத்தியார் வேலை. கல்யாணமான நாலாம் மாதம் பிரிந்தவர்கள், இரண்டு வருஷமாகக் கடிதத்திலேயே குடித்தனம் நடத்தினார்கள். இப்போது கணவருக்குப் பத்து நாள் லீவு கிடைத்திருந்தது. நைரோபியிலிருந்து எங்கள் பக்கம் வர வாரத்துக்கு ஒரே விமானம். அதைத் தவறவிட்டால் லீவில் ஏழு நாள் நைரோபியிலேயே கரைந்துவிடும். பள்ளி விட்டதும் டீச்சர் தினமும் என் முன்னால் வந்து நிற்பார். அவர் பரபரப்பு எனக்கும் தொற்றி, நானே பெண்வீட்டுக்காரன் மாதிரி அலைந்தேன்.

லுசாகா விமானத்தின் நேரம் மாறியதாக வந்த டெலக்ஸில், புறப்படும் நேரம் மட்டும்தான் இருந்தது: பகல் இரண்டு மணி. இரண்டரையைக் கூட்டி, நாலரைக்கு நைரோபி என்று எழுதினேன். அங்கிருந்து துபாய் விமானம் ஐந்தரைக்கு. ஒரு மணி நேரம் தாராளம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். டீச்சர் நூலை எடுக்காமல் படத்தையே பார்த்தார்.

"சார், நைரோபி கிழக்க இருக்கு. அங்க ஒரு மணி நேரம் முன்னாலயே பொழுது விடிஞ்சிரும். உங்க கடிகாரம் லுசாகாவுலயே நின்னுட்டு."

சுருக்கென்றது. மனிதர் நைரோபியில் இறங்கும்போது அங்கே மணி ஐந்தரை. எங்கள் விமானம் கிளம்பிக்கொண்டிருக்கும். முதலில் எனக்குக் கோபம் வந்தது டீச்சர் மேல்தான். அப்புறம்தான் என் மேல் வந்தது.

லுசாகாவிலிருந்து முந்தின நாள் விமானத்தில் இடம் கேட்டு உடனே டெலக்ஸ் கொடுத்தோம். கணவருடைய பள்ளியும் அவரை ஒரு நாள் முன்னதாக விடவேண்டும். இரண்டு நாள் பதிலே இல்லை. டீச்சர் வாசலில் தலை காட்டியதுமே எங்கள் டெலக்ஸ்காரர், "மாஃபி டீச்சர்" என்று அரபியில் இல்லை சொல்லிக் கை விரிப்பார். மூன்றாம் நாள் டீச்சர் நின்றுகொண்டிருக்கும்போதே இயந்திரம் கடகடத்தது. இடம் உண்டு, வாத்தியாரும் வருகிறார். நான் துள்ளாத குறை. டீச்சர் உட்கார்ந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். போகிற அவசரத்தில், பக்க அடையாளமாக வைத்திருந்த நூலை என் டைம்டேபிள் புத்தகத்திலேயே விட்டுவிட்டார்.

விமானம் வந்த அன்று எனக்கு ஏர்போர்ட்டில் ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் போனேன். கதவுக்கு வெளியே ஒல்லியாக ஒருவர் பெட்டியோடு வந்து நின்றார். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபது நிமிஷம் லேட்டு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

போன வாரம் அந்தப் புத்தகத்தைப் புரட்டியபோது நூல் அப்படியே இருந்தது, நிறம் மட்டும் வெளுத்து. என் மகளிடம் கொடுத்துக் கதையைச் சொன்னேன். அவள் கைபேசியைத் தட்டி, லுசாகாவிலிருந்து நைரோபி இரண்டரை மணி நேரம்தான் என்றாள். சரிதான். டீச்சரைக் கேட்டால், இரண்டு வருஷமும் இருபது நிமிஷமும் என்பார்.