காசுமாலையின் நடுக்காசு

என் அம்மா எனக்குப் போட்டுவிட்ட காசுமாலையில் நடுக்காசு மட்டும் மற்றவற்றோடு சேராது. மற்றதிலெல்லாம் லட்சுமி உட்கார்ந்திருப்பாள். இதில் கொடி கொடியாக ஏதோ கீறல்கள். தேய்ந்துபோன லட்சுமி என்று நினைத்து வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கும் குங்குமம் வைத்துவந்தேன்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாலையை வெளியே எடுத்தேன். அவள் உருது புழங்கும் இந்தத் தார்நாகாவிலேயே பிறந்து வளர்ந்தவள். "இவ்ளோ ஹெவியா? நான் என்ன அம்மன் சிலையாம்மா?" என்றாள். சரி, உருக்கி வளையல் பண்ணிவிடலாம் என்று நானும் வீம்புக்குச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

என் வீட்டுக்காரர் ஆராய்ச்சிக்கூடத்தில் உலோகத்தோடு மல்லுக்கட்டுகிறவர். உருக்கப்போகிறோம் என்றதும் மூக்கு வியர்த்துவிட்டது. பூதக்கண்ணாடியில் பார்த்தவர், அரபி படிக்கத் தெரிந்த உள்ளூர் நண்பரைக் காபிக்கு அழைத்து வந்தார். நண்பர் கை கழுவிவிட்டுத்தான் காசைத் தொட்டார். அது பழைய தினார். அல்லாவைத் தவிர வேறு இறைவன் இல்லை என்று எழுதியிருக்கிறதாம். அந்த எழுத்துப் பள்ளங்களிலெல்லாம் என் குங்குமம். எனக்கு முகம் சிவந்துவிட்டது. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் பாபி என்று, அண்ணி முறை வைத்து, உருதுவில் சொல்லிச் சிரித்தார்.

மிளகும் துணியும் வாங்க அரபு வணிகர்கள் நம் கரைக்குக் கொண்டுவந்த தங்கமாம். எழுத்துத் தெரியாதவனும் நிறுத்துப் பார்த்து வாங்கிக்கொள்வானாம்.

"ஓ, உங்க வீட்ல மிளகு வியாபாரமா?" என்று சீண்டினார் வீட்டுக்காரர். எங்கள் வீட்டில் மிளகு ரசத்தோடு சரி.

அச்சடித்த ஊர் மட்டும் தெரியவில்லை. எந்தக் காலத்து ஆசாரியோ மாலையில் கோர்க்கும் வளையத்தைச் சரியாக ஊர்ப்பெயரின் மேல் பற்றவைத்திருந்தார். இவர் விடுவாரா? நண்பர் போனதும் சின்ன ரம்பத்தோடு வந்தார். மற்ற காசுகள் வளையலாகட்டும், இதை மட்டும் வளையத்தை அறுத்துவிட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்கிறேன், பாக்தாதா கெய்ரோவா என்று பார்த்துவிடலாம் என்றார். மாலையே இல்லையென்று ஆனபின் வளையம் எதற்கு என்று நானும் காசை அவரிடம் நீட்டினேன். மனசு கேட்கவில்லை.

மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நக்கோ அப்பா, வேணாம். அதைக் கட் பண்ணிட்டா மாலைல எப்படித் தொங்கும்? மண்டபத்துல நான் சேஃப்டி பின் குத்திக்கவா?"

அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார். அப்போ போட்டுக்கப்போறியா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவாள்.